ஜீனோவுக்குக் குரல் யார்?

காட்பாடியில் சின்னம்மா வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது, நிறைய பைண்டு புத்தகங்கள். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பத்திரமாகப் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் லாங் பஜார் பக்கம் ஒரு கடையில் கொடுத்து, கெட்டி அட்டை போட்டு வாங்கி வைப்பார் சின்னம்மா. பக்க ஓரங்களில் பாதித் துணுக்கும் பாதி விளம்பரமும் வெட்டுப்பட்டுக் கிடக்கும். ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை விடுமுறையில் அந்தப் பெட்டியிலிருந்துதான் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை எடுத்தேன். எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த கதை. இரண்டு நாளில் கடைசிக்கு வந்துவிட்டேன், ஆனால் கடைசி அங்கே இல்லை. நாலைந்து வாரத்துப் பக்கங்கள் குறைந்தன. அந்தச் சமயத்தில் சின்னம்மாவுக்குப் பிரசவமாம், கடைக்குப் போய்ப் பத்திரிகை வாங்க ஆள் இல்லையாம். அவருக்கே முடிவு தெரியாது. “பின்னாடி யாராவது சொல்வாங்கன்னு இருந்தேன்டா” என்றார்.

அந்தக் கதை முழுப் புத்தகமாக என் கைக்கு வர அப்புறம் இரண்டு வருடம் ஆனது. அதுவரை நானே முடிவு கட்டிக்கொண்டேன். முடிவு கட்டும்போது முகங்கள் வேண்டியிருந்தன. பாத்திரத்துக்கு நடிகரைத் தேடும் இந்தப் பழக்கம் அப்படித்தான் வந்தது, இன்னும் விடவில்லை. தூர்தர்ஷனில் தொடராக வந்ததோடு சரி, பெரிய திரைக்கு அந்தக் கதை வரவில்லை. அதனால் என் மனதுக்குள் ஓடும் படத்துக்குப் போட்டி இல்லை.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக. கதை நடப்பது 2021-இல். எழுதியபோது அது எதிர்காலம், நமக்கு இப்போது கடந்த காலம். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான்: நிலா, சிபி, ரவி, மனோ. பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும் நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டுக்கு ரவி வருகிறான், அவனோடு ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி வருகிறது. ஜீனோ பேசும், புத்தகம் படிக்கும், போகப் போக யோசிக்கவும் தொடங்கும். இதற்கு மேல் நான் எழுதப்போவதில் கதையின் முக்கியமான முடிச்சு உடைந்துவிடும், எனவே இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு வாருங்கள், அவசரமில்லை.

சரி. ஜீவா என்று ஒரு ஆளே இல்லை. அவர் ஒரு ஹோலோகிராம். மொத்த நாடும் பயந்து கும்பிட்டது ஒரு ஒளியுருவத்தை.

இந்தக் கதைக்கு நடிகர் தேர்வு செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். என் நண்பர்கள், என் மகள், யாரிடம் பேசினாலும் பெரிய நட்சத்திரத்தை ரவிக்கு வைக்கிறார்கள், ஏனென்றால் ஓடுவதும் சதி செய்வதும் சண்டை போடுவதும் ரவி. ஜீவாவுக்கு நாடகப் பயிற்சியுள்ள யாரோ ஒரு வில்லன் நடிகர் போதும் என்கிறார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். படத்திலேயே மிகப் பெரிய நட்சத்திரத்தை ஜீவாவுக்குத்தான் வைக்க வேண்டும். மற்ற எல்லோரும் நடிகர்களாக இருக்கட்டும், ஜீவா மட்டும் ஒரு முகமாக இருக்க வேண்டும். ஐம்பது வருடமாக நம் சுவரிலும் ஆட்டோ முதுகிலும் சலூன் கண்ணாடிக்கு மேலேயும் இருந்த முகம்.

இப்படி நான் பிடிவாதமாக இருக்க ஒரு காரணம் உண்டு. 1984 தேர்தல் சமயத்தில் எம்.ஜி.ஆர். உடல்நிலை மோசமாகி அமெரிக்காவில் புரூக்ளினில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். அவர் உயிரோடு இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அங்கே எடுத்த வீடியோ படத்தை இங்கே கொண்டுவந்து மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. அப்பா என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றார். அவர் திரையில் தெரிந்ததும் எனக்கு முன்னால் நின்ற ஒரு ஆயா கையெடுத்துக் கும்பிட்டு அழுதது மட்டும் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. தொகுதிப் பக்கமே போகாமல் ஆண்டிப்பட்டியில் அவர் ஜெயித்தார், கட்சியும் ஜெயித்தது. அந்த வீடியோவில் இருந்தவர் நிஜமானவர், உயிரோடு இருந்தவர், திரும்பி வந்து முதல்வராகவும் இருந்தார். ஜீவாவோடு அவரை ஒப்பிட நான் வரவில்லை. நான் சொல்வது அந்த ஆயாவைப் பற்றி. சில வருடம் கழித்து விகடனில் ‘ஜீவா ஒரு ஒளியுருவம்’ என்று படித்தபோது தமிழ் வாசகருக்கு அது வேற்றுக்கிரகத்துச் சமாச்சாரமாகத் தெரிந்திருக்காது. திரையில் தெரிகிறவரைக் கும்பிட்ட கைதான் அந்தப் பக்கத்தைத் திருப்பியது.

இப்போது இன்னும் சுலபம். 2024 தேர்தலையொட்டி மறைந்த தலைவர்களின் உருவத்தையும் குரலையும் கணினியில் செய்து பேச வைத்தார்கள், எல்லோர் கைப்பேசியிலும் வந்தது.

ஆகவே ஜீவா ரஜினிகாந்த். வேறு பெயர் எனக்கு வரவில்லை. “அவர் எப்படிப்பா வில்லனா?” என்றாள் மகள். எழுபதுகளில் அவர் பேர் வாங்கியதே வில்லன் வேஷங்களில்தான். ஆனால் என் ஜீவா வில்லத்தனம் எதுவும் செய்யத் தேவையில்லை. அவர் சிரிக்க வேண்டும், அன்பாகப் பேச வேண்டும், ‘என் மக்களே’ என்று கையைத் தூக்க வேண்டும், அரங்கில் நாமும் நிலாவோடு சேர்ந்து கொஞ்சம் உருக வேண்டும். உண்மை தெரியும்போது நம் கை நமக்கே கூச வேண்டும். தெரியாத ஒரு நடிகரை வைத்தால் நிலா மட்டும்தான் ஏமாறுவாள், நாம் வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம்.

அவர் மற்ற நடிகர்களோடு ஒரு நாள்கூடச் சேர்ந்து நடிக்கக் கூடாது என்பதும் என் திட்டம். தனி அறையில் இரண்டு நாள், கறுப்புத் துணிக்கு முன்னால் தனியாகப் பேசிவிட்டுப் போய்விட வேண்டியது. அப்புறம் அந்தப் படத்தைப் படப்பிடிப்புத் தளத்தில் நிஜமாகவே தோன்ற வைக்க வேண்டும். இதற்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழைய வித்தை ஒன்று இருக்கிறது. லண்டனில் 1862-இல் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் பேய் காட்டிய வித்தை. பார்வையாளருக்குத் தெரியாதபடி ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தி, மறைவான இடத்தில் இருக்கும் உருவத்தின் மேல் பளிச்சென்று வெளிச்சம் அடித்தால், அதன் பிரதிபலிப்பு மேடையில் நிற்பதுபோல் தெரியும். நிஜ ஹோலோகிராம் வேறு, அது டென்னிஸ் காபோருக்கு 1971-இல் நோபல் வாங்கித் தந்த அறிவியல், லேசர் வந்த பிறகுதான் அது உருப்படியாக நடந்தது. இன்றைக்கு மேடைகளில் ஹோலோகிராம் என்று காட்டுவதில் பெரும்பாலானவை பெப்பரின் கண்ணாடியின் பேரப்பிள்ளைகள். எனக்கு அதுவே போதும். கணினியில் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நிலாவாக நடிப்பவர் காலி இடத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டியிருக்கும். கண்ணாடியில் அவர் நிஜமாகத் தெரிந்தால் அந்த நடிகையின் கண்ணில் வருவது வேறாக இருக்கும்.

ஜீவாவின் அரண்மனைக்கு நான் இடம் தேடவே இல்லை, அது எங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது, வேலூர்க் கோட்டை. வேலூர்க்காரர்களைக் கேட்டால் ஒரு பழைய வசனம் சொல்வார்கள்: தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. பாலாறு இன்னும் அப்படித்தான், எப்போதாவது ஒரு மழைக்கு வந்துவிட்டுப் போகிறது. சாமி 1981-இல் வந்துவிட்டார், சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மறுபடி வைத்தார்கள். ராஜா மட்டும் வரவில்லை. ராஜாக்களே இல்லை என்றும் சொல்ல முடியாது, இருந்தார்கள், கைதிகளாக. திப்பு இறந்த பிறகு அவர் குடும்பத்தை இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இங்கே சிறையிருந்து 1832-இல் இறந்தார், பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து கோட்டையைப் பிடித்தபோது மைசூர்க் கொடியை ஏற்றி, திப்புவின் மகன் ஃபத்தே ஹைதரை ராஜா என்று அறிவித்தார்கள். அன்றைக்கே ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டது. சில மணி நேர ராஜா.

பள்ளியில் இதைப் படித்தபோது சிப்பாய்களைப் பற்றித்தான் யோசித்தேன். இப்போது அந்த ஃபத்தே ஹைதரைப் பற்றி யோசிக்கிறேன். கதையின் முடிவில் நிலாவை ராணி ஆக்குகிறார்கள், அடுத்த பாகமான ‘மீண்டும் ஜீனோ’ தொடங்கும்போது அவள் பேருக்குத்தான் ராணி, ஆட்டுவிப்பது ரவியும் மனோவும். கிரீடம் யார் தலையில், கயிறு யார் கையில் என்பது அந்தக் கருங்கல் சுவருக்குப் புதிதில்லை. அகழித் தண்ணீரில் சுவரின் நிழல் ஆடும் அந்தக் கிழக்கு வெளுக்கும் நேரத்து வெளிச்சத்தில் நிலா பட்டம் ஏற்றுக்கொள்ளும் காட்சியை எடுக்க வேண்டும். 2021 என்பதற்காக எல்லாமே கண்ணாடிக் கட்டடமாக இருக்க வேண்டியதில்லை. நிஜ 2021-இல் நாம் எல்லோரும் முகக்கவசத்தோடு இதே பழைய தெருக்களில்தானே நடந்தோம்.

நிலாவுக்கு லிஜோமோல் ஜோஸ். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிலாவை அசடு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது வருத்தம். அவள் அசடு இல்லை, கேள்வி கேட்க யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். ஜீனோ கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போய்த்தான் அவள் யோசிக்கத் தொடங்குகிறாள். அதற்குப் பேசும் முகத்தைவிடக் கேட்கும் முகம் வேண்டும். ‘ஜெய் பீம்’ பார்த்தவர்களுக்கு அந்த முகம் தெரியும், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் வரை அவர் கண் அசையாது. அந்தப் படம் வந்ததும் 2021-இல் என்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

அதே படத்தில் அவருக்குக் கணவராக வந்த மணிகண்டனை என் மகள் சிபிக்கு வைத்தாள். அங்கேயும் கணவன் காணாமல் போகிறான், மனைவி தேடுகிறாள், பார்ப்பவர்களுக்கு உடனே மனசு கலங்கும் என்பது அவள் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் நான் மணிகண்டனை ரவிக்கு எடுத்துக்கொண்டேன். இந்த இரண்டு பேரையும் ஒரு வீட்டுக்குள் பார்த்ததும் நமக்குத் தன்னால் ஒரு நம்பிக்கை வந்துவிடும், இவன் இவளுக்குக் கெடுதல் செய்ய மாட்டான் என்று. அந்த நம்பிக்கையை நம்மிடமிருந்தே வாங்கிக்கொண்டு, கடைசியில் அவன் அவளைப் பொம்மையாக நாற்காலியில் உட்கார வைக்கும்போதுதான் ரவி எப்படிப்பட்டவன் என்று உறைக்கும். மகள் ஒரு நாள் முழுக்க என்னோடு இதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் காபி கொடுக்கும்போது “சரி, ரவியே இருக்கட்டும்” என்றாள். சிபிக்கும் மனோவுக்கும் புதுமுகங்கள், அதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை.

ஜீனோதான் மிச்சம், ஜீனோதான் படம்.

உருவம் எனக்குப் பிரச்சினை இல்லை. 1999-லேயே சோனி கம்பெனி ஐபோ என்ற இயந்திர நாயை விற்றது. உதிரிப்பாகம் கிடைக்காமல் அவை செயலிழந்தபோது ஜப்பானில் ஒரு புத்தர் கோயிலில் வரிசையாக வைத்து அவற்றுக்கு ஈமச்சடங்கே செய்தார்கள். மனிதர்கள் தகர நாயோடு எவ்வளவு தூரம் ஒட்டிக்கொள்வார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். என் கவலை குரல். இயந்திரம் என்றதும் உடைந்து உடைந்து பேசும் உலோகக் குரல், இல்லாவிட்டால் குட்டி நாய் என்பதால் குழந்தைக் குரல். இரண்டும் ஜீனோ இல்லை. ஜீனோ பணிவாகப் பேசிக்கொண்டே குத்திக்காட்டும், எஜமானின் காலடியில் உட்கார்ந்துகொண்டு எஜமானைவிட அதிகம் தெரிந்துவைத்திருக்கும்.

பல வருடம் இதற்குச் சினிமாவுக்குள்ளேயே ஆள் தேடினேன். டப்பிங் கலைஞராக இருந்து வந்தவர் என்பதால் எம்.எஸ்.பாஸ்கரை யோசித்தேன். குரு சோமசுந்தரத்தை யோசித்தேன், அவர் கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் இருந்து வந்தவர். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. ந.முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியதற்குப் பின்னால் இருந்ததே எங்கள் பழைய வட ஆற்காட்டுப் புரிசை கிராமத்தின் கூத்து. வீட்டு வாசலில் இருப்பதை விட்டுவிட்டு நான் கோடம்பாக்கத்தில் தேடிக்கொண்டிருந்தேன். ஜீனோ வேறு யாரும் இல்லை, கட்டியக்காரன்.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள், ராஜா பின்னால் நின்று பாடுவார், கிரீடத்தின் நுனியும் காலும் மட்டும் தெரியும். திரைக்கு வெளியே நிற்பவன் கட்டியக்காரன். “நீ யார், எந்த நாட்டு ராஜா?” என்று அவன்தான் கேட்பான். அவன் சேவகன், வாயில்காப்போன், தூதன், கோமாளி, எல்லாம். ராஜா பழைய விருத்தத்தில் பேசினால் இவன் இன்றைக்கு நம் தெருவில் பேசுவதைப் பேசுவான், தக்காளி விலையைச் சொல்வான், ராஜா முறைத்தால் கால் நடுங்குவதாக நடித்துவிட்டு நம் பக்கம் திரும்பி உண்மையைச் சொல்வான். எப்போதும் ராஜாவின் பக்கத்தில் இருந்துகொண்டு எப்போதும் நம்மோடு பேசுகிறவன். புரிசைக்காரர்கள் கார்சியா மார்க்கேஸின் சிறகு முளைத்த கிழவன் கதையைக் கூத்தாக ஆடியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கிழவனுக்குச் சிறகு முளைக்கும் கதையைத் தாங்கிய கூத்து, பேசும் நாயையும் தாங்கும்.

அந்தக் குரல் கடைசியில் ஸ்டூடியோவில் தனியாகப் பதிவாகக் கூடாது என்பதிலும் நான் கறாராக இருக்கிறேன். கணினியில் வரும் பாத்திரம் என்றால் ஒரு குச்சியில் டென்னிஸ் பந்தைச் செருகிக் காட்டி அதைப் பார்த்து நடிக்கச் சொல்வார்கள். நிலாவுக்கு எதிரே பந்து வேண்டாம், குரல் கொடுக்கும் கட்டியக்காரரே தரையில் உட்கார்ந்து பேச வேண்டும்.

இதையெல்லாம் வீட்டில் பேசிக்கொண்டிருந்தால் போதாது என்று போன ஆடியில் மகளைக் கூட்டிக்கொண்டு ஆற்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். அங்கே ஒரு கட்டியக்காரரை எனக்குப் பல வருடமாகத் தெரியும், அறுபதைத் தாண்டியவர், பகலில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். அவர் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது, துரியோதனன் விழும் படுகளத்தன்று அவரைப் பார்க்க வேண்டும். தரையில் பத்தாள் நீளத்துக்கு மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள், அதைச் சுற்றி வேஷம் கட்டிய துரியோதனனும் பீமனும் சுற்றிச் சுற்றி வருவார்கள். இவர் இரண்டு துரியோதனனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார், கூட்டம் சிரிக்கும், அடுத்த நிமிடம் அழும்.

நாங்கள் போனபோது மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். முழுக் கதையும் சொன்னேன், சொல்லி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஜீவா ஒளி என்று சொன்ன இடத்தில் அவர் ஆச்சரியப்படவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

“அந்த நாயி ராஜாவ மொதமொதல்ல எப்போ பாக்குது சார்?” என்றார்.

“அது அப்புறம் வரும் வாத்தியாரே. நீங்க பேச்சை மட்டும் பாருங்க.”

“பேச்சு கெடக்கட்டும். நாயின்னா மோந்து பாக்கும் இல்ல? ராஜாவ மோந்து பாத்தா இன்னா வாசன வரும்?”

“அது மிஷின் நாய் தாத்தா, அதுக்கு மூக்கு இருக்காது” என்றாள் மகள்.

“பேசுது, புஸ்தகம் படிக்குதுன்றீங்க. அவ்ளோ பண்ணவன் மூக்கு வெக்காம வுட்டுருப்பானா பாப்பா?”

திண்ணைக்குக் கீழே வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அவர் துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையில் கையை ஊன்றி உட்கார்ந்தார். அறுபது வயது உடம்பு அந்த ஒரு நொடியில் எங்கே போனது என்று தெரியவில்லை. நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் முதலில் கழுத்தைத் தாழ்த்தி வணங்கினார். அப்புறம் மெல்ல நாற்காலிக் கால் வரைக்கும் போய் முகர்ந்தார். நிமிர்ந்து, ராஜாவின் முகம் இருக்க வேண்டிய உயரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி முகர்ந்தார். ஒரு சுற்று சுற்றி வந்தார். மகள் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் அவர் எங்கள் பக்கம் திரும்பினார், குரலைத் தாழ்த்தி, ராஜாவுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்த மாதிரி, ஆனால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி சொன்னார்:

“ராஜா வாசனயே இல்ல சாமி. நாற்காலி வாசனதான் வருது.”